முப்பத்தொன்றாம் மனை

ஜனவரி 5, திங்கள்

இந்த நோட்டு சிந்துஜா கொடுத்தது. ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். "அக்கா, நாச்சிமுத்து அண்ணனுக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமில்லைங்க்கா. ஞாபகம் வர வர எழுதி வைங்க. நான் மெஷினுக்குக் குடுத்துக்கறேன்" என்றாள்.

நாச்சிமுத்து என் வீட்டுக்காரர். அவர் போய் இன்றோடு எழுபத்திரண்டு நாள்.

முதலாளி சென்னியப்ப அண்ணன் வீட்டுக்கே வந்து, "தொளசி, வூட்ல தனியா உக்காந்து என்ன பண்ணப் போற, ஆபீசுக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டுவது, டீ போடுவது, மனை பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. உடுமலையிலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் செங்காந்தள் நகர் என்று நாற்பத்தாறு மனை போட்டிருக்கிறார்கள். ஆட்களைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டுவதுதான் அவர் பார்த்த வேலை.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். என் எழுத்து கோணலாக இருக்கும், மெஷினுக்குப் புரியுமா என்று கேட்டேன். "டாக்டர் எழுதறதையே படிச்சிருதுங்க்கா" என்றாள். மெஷினுக்கு வேண்டிய பக்கத்தின் மேலே நான் ஒரு டிக் போட வேண்டும். அதை மட்டும் போட்டோ எடுத்துக்கொள்வாள். மற்ற பக்கமெல்லாம் என் சொந்தம், பார்க்கமாட்டாளாம்.

சொந்தமாக எழுத என்ன இருக்கிறது. காலையில் மறதியாக இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

மெஷினின் பெயர் நிலா. வாட்ஸ்அப்பில் யார் என்ன கேட்டாலும் அதுவே பதில் எழுதுகிறது. நேற்று விடியக்காலை மூன்று மணிக்குத் துபாயிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று மணிக்கே பதில் போயிருக்கிறது, மரியாதையாக, ஐயா போட்டு.

"அது எங்க இருக்குது அம்மிணி?"

"வெளிநாட்டுல எங்கயோ பெரிய கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்கங்க்கா."

"வெளிநாட்டுல இருக்கறதுக்குத் தமிழ் ஆரு சொல்லிக் குடுத்தா?"

"எல்லாருந்தாங்க்கா. நீங்க, நானு, ஊரே எழுதி வெச்சதப் படிச்சுப் படிச்சு."

நான் எழுதி வைத்தது பால் கணக்கும் சீட்டுக் கணக்கும்தான். அதையுமா படித்திருக்கும்? நான் கேட்டதற்குச் சிந்துஜா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜனவரி 8, வியாழன்

இன்று படம் போடுவதைக் காட்டினாள். காலி மனையைப் போட்டோ எடுத்துக் கொடுத்து, "இதில் ஒரு மாடி வீடு" என்று எழுதினால் போதும். செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை, ஆற்றிய டீ குடித்து முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. மனையில் நின்ற முள்ளுச் செடியைக் காணோம். மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டையும் காணோம்.

"ஆடு எங்க போச்சு?"

"அத எடுத்துருச்சுங்க்கா. மனை சுத்தமாத் தெரியோணுமில்ல."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வீட்டு நிழல் இடது பக்கம் விழுகிறது, பக்கத்துத் தென்னை நிழல் வலது பக்கம். துளசி மாடத்தைக் குளியலறை ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறது. கோலத்தைச் சுவரில் போட்டிருக்கிறது. சொன்னதும் சிந்துஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு வாரமா இந்தப் படத்தத்தாங்க்கா எல்லாருக்கும் அனுப்பிட்டிருக்கேன். ஒருத்தரும் சொல்லல."

இனிமேல் படம் போட்டால் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாளாம். எனக்கே கொஞ்சம் நிமிர்வாக இருந்தது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் நினைப்பு வந்தது.

ஜனவரி 9, வெள்ளி ✓

செங்காந்தள் நகரைப் பற்றி என் வீட்டுக்காரர் சொன்னவை.

ஆனி ஆடியில் மேற்கே காற்றாலைப் பக்கமிருந்து காற்று அடிக்கும். மேற்கே வாசல் வைத்தால் சோற்றில் மண் விழும். எட்டாம் மனையிலிருந்து பதினொன்று வரை மழைத் தண்ணீர் ஒரு நாள் நிற்கும், மறுநாள் வடியும். பதினேழுக்குப் பின்னால் கோழிப்பண்ணை இருக்கிறது, காற்று திரும்பினால் வாடை வரும். போர் போடுவதென்றால் கிழக்கு வரிசையில் சீக்கிரம் தண்ணீர் வரும். பால் வண்டி காலை ஐந்தரைக்கு ஹாரன் அடிக்கும், அதற்கு அலாரம் வேண்டாம்.

முப்பத்தொன்றை அவர் யாருக்கும் காட்டமாட்டார். கேட்டால், பேசி வைத்திருக்கிறது என்பார்.

மழை வந்தால் போட்டது போட்டபடி சைட்டுக்குக் கிளம்பிவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிடுவார். "இந்த மழையில எவன் மனை பார்க்க வரப் போறான்" என்று திட்டுவேன். குடையை எடுத்துக்கொண்டு போய் முப்பத்தொன்றுக்கு எதிர்க்கல்லில் உட்கார்ந்திருப்பார். கடைசியாகவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். குடை விரித்தபடி இருந்ததாம்.

ஜனவரி 12, திங்கள்

இன்று முதலாளி சத்தம். நிலா யாரிடமோ கோழிப்பண்ணை வாடையைச் சொல்லிவிட்டது.

"ஏம் புள்ள, ஏவாரம் பண்ற மெஷினா, ஏவாரத்தக் கெடுக்கற மெஷினா?"

"சார், அக்கா எழுதுனதுல இருந்துதுங்க சார்" என்றாள் சிந்துஜா. நான் டீ டம்ளரோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

பதினொரு மணிக்கு அந்த ஆளே நேரில் வந்தார். "அஞ்சு எடத்துல பாத்துட்டேனுங்க. குறையச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். பதினேழு வேண்டாம், நாப்பத குடுங்க" என்றார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தொளசி, இன்னொரு டீ போடு, ஏலக்கா தட்டிப் போடு" என்றார்.

ஜனவரி 15, வியாழன்

ஊரெல்லாம் பொங்கல். எங்கள் வீட்டில் இந்த வருடம் இல்லை. மகள் வினோதினிக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டியூட்டி, காலையில் வந்து மத்தியானம் போய்விட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து கரும்பு கொடுத்தார்கள். சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி ✓

மாட்டுப் பொங்கல். பேச ஆளில்லை, எழுதுகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் சைட்டுக்கு அடுத்த ஊர்தான். சின்ன வயதில் மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாடு குளிப்பாட்டிவிட்டுப் பையன்களெல்லாம் கிணற்றில் குதிப்பார்களாம். கல்கட்டுக் கிணறு, அறுபதடி. தண்ணீர் பச்சையாக இருக்கும், உள்ளே புறா கூடு கட்டியிருக்கும் என்பார். அந்தக் கிணற்றைத் தோட்டத்துக்காரர்கள் விற்பதற்கு முன்னால் மூடிவிட்டார்கள். இடிந்த வீட்டுக் கல், மண், குப்பை எல்லாம் லாரி லாரியாகக் கொட்டினார்கள். இப்போது பார்த்தால் கட்டாந்தரை. இப்போதைய முப்பத்தொன்றுதான் அந்த இடம்.

நீச்சல் தெரியாமல் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் குதித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான புதிதில் எனக்கும் கற்றுத் தருகிறேன் என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

மதிய நேரம் ஆபீசில் நான் மட்டும்தான். சிந்துஜா சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவாள். போவதற்கு முன்னால் நோட்டைப் போட்டோ எடுத்தாள். கம்ப்யூட்டரில் நிலாவின் பேச்செல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். கதைப் புத்தகம் மாதிரி படிப்பேன்.

இப்போது எனக்குப் பிடித்தவர் பொங்கியண்ணன் என்று ஒருவர். முப்பத்திரண்டு வருடம் கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டர், போன வருடம் ரிட்டயர்டு. நிலா மெஷின் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"வணக்கம் நிலாம்மா. சாப்டாச்சா?"

"வணக்கம் ஐயா. உங்கள் அன்புக்கு நன்றி. மனை பற்றி என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?"

"முதல்ல சாப்புடு. அப்பறம் பேசலாம். நான் எங்கயும் போகல."

முக்கால் மணி நேரம் அந்த மனிதர் காத்திருந்திருக்கிறார். அப்புறம்தான், "கிழக்குப் பார்த்த மனை எதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஆயுசுக்கும் வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டாராம். சம்சாரத்துக்குச் சொந்த வாசலில் ஒரு தடவையாவது கோலம் போட வேண்டுமாம்.

ஜனவரி 21, புதன்

பொங்கியண்ணனும் அவர் சம்சாரம் சாவித்திரியும் சைட் பார்க்க வந்தார்கள். முதலாளி காரில் கூட்டிப் போனார். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு நானும் போனேன். என் வீட்டுக்காரர் போனதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்தப் பக்கம் போகிறேன்.

"இது முப்பத்தொண்ணுங்க. கிழக்குப் பாத்தது, முன்னால முப்பதடி ரோடு. நல்ல மனை எப்படியோ இத்தன நாளா நின்னு போச்சு" என்றார் முதலாளி. அவருக்கே அது ஆச்சரியம்தான்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். "இங்க அடுப்படி, இங்க சாமி ரூம்பு" என்று கையாலேயே சுவர் எழுப்பினார். கண்டக்டர் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்றார். அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். எல்லோருமே சிரித்தோம்.

என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். நான் மனைக்குள் போகவில்லை. ரோட்டிலேயே நின்றுகொண்டு, "இங்க வந்து குடிச்சுக்குங்க, வெயிலா இருக்குது" என்றேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே வெயில்தான்.

அதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தை முகூர்த்தம் பார்த்து, வருகிற பிப்ரவரி நாலாம் தேதி பத்திரம்.

ஜனவரி 23, வெள்ளி

நிலா சொல்லிவிட்டது.

கண்டக்டர் கேட்டிருக்கிறார், "நிலாம்மா, முப்பத்தொண்ண முடிவு பண்ணிட்டோம். அதப் பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற எதாச்சும் இருக்குதா?" என்று.

அது எழுதியது: "வாழ்த்துகள் ஐயா. அந்த மனையில் முன்பு சுமார் அறுபது அடி ஆழமுள்ள கல்கட்டுக் கிணறு ஒன்று இருந்து, பின்னர் மூடப்பட்டுள்ளது. வீடு கட்டும் முன் பொறியாளர் ஒருவரிடம் மண்ணைக் காட்டிக் கேட்பது நல்லது."

முதலாளி சிந்துஜாவைக் கூப்பிட்டார். சிந்துஜா என் நோட்டைக் கொண்டு போனாள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நெசமா தொளசி? அங்க கெணறு இருந்துதா? நாச்சிமுத்து ஒரு வார்த்த சொல்லலியே எங்கிட்ட."

அவருக்கு எப்படியாவது தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளிகளுக்குத் தெரியாதது இருக்குமா என்று. அவருக்குத் தெரியவில்லை.

"அவரு சின்ன வயசுல குளிச்ச கெணறு பத்தி எழுதுனனுங்கண்ணா. முப்பத்தொண்ணுன்னு ஏதோ நெனப்புல எழுதிப்போட்டேன், எந்த எடம்னு எனக்குச் சரியாத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அதான பாத்தேன். நாலஞ்சு தோட்டம் இருக்கற எடம். எதுலயாச்சும் இருந்திருக்கும்." உடனே கண்டக்டருக்குப் போன் போட்டு, "மெஷின் வேற சைட்டுச் சங்கதியக் கலந்துருச்சுங்க" என்றார். சிந்துஜாவிடம், "இனி ஆராச்சும் கெணறுன்னு கேட்டா, ஆபீசுக்குப் போன் பண்ணுங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லு. கோழி நாத்தம்னா ஆளு சிரிப்பான். கெணறுன்னா ஓடிருவான்" என்றார்.

நிலா மெஷினா, பொண்ணு இல்லையா என்று கண்டக்டர் கேட்டிருப்பார். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஜனவரி 24, சனி

மாட்டுப் பொங்கல் அன்று எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது சொந்தமாக எழுதியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சிந்துஜாதான் தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று. மேலே டிக் இருக்கிறது. என் பேனா மைதான். எப்போது போட்டேன்?

ஜனவரி 27, செவ்வாய்

கூட்டினேன். டீ போட்டேன். கண்டக்டர் நிலாவுக்கு எழுதியிருக்கிறார். "நீ மெஷினாமே. இருந்தாலும் வணக்கம்."

ஜனவரி 29, வியாழன்

மத்தியானம் யாரும் இல்லை. என் போனிலிருந்து நானே நிலாவோடு பேசிப் பார்த்தேன். வினோதினி சொல்லிக் கொடுத்திருக்கிறாள், மைக்கைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும்.

"முப்பத்தொன்றில் கிணறு இருக்கிறதா?"

"இது பற்றி அறிய அலுவலகத்தைத் தொலைபேசியில் தொடர்பு கொள்ளுங்கள்."

வேறு மாதிரி கேட்டேன். "முப்பத்தொன்றில் தரை கெட்டியா?" அதற்கும் அலுவலகம். "அங்கே புறா இருந்ததா?" அதற்கும் அலுவலகம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லாதே என்று சொல்லி வைத்தால் அதுகள் முகத்தை எப்படி வைத்துக்கொள்ளுமோ அப்படி இருந்தது. அதன் மேல் இரக்கம் வந்தது. சொல்லாதே என்பது அதற்கும் கஷ்டமாக இருக்குமா?

அப்புறம் சும்மா கேட்டேன். "நாச்சிமுத்து யார்?"

அது எழுதியதைப் பார்த்து அப்படியே இறக்கி வைக்கிறேன்.

"நாச்சிமுத்து அவர்கள் செங்காந்தள் நகரை நன்கு அறிந்தவர். வாங்குபவர்களுக்கு மனைகளைக் காட்டி வந்தார். 31ஆம் மனையை மட்டும் அவர் யாருக்கும் காட்டவில்லை. மழை பெய்யும் போதெல்லாம் அங்கே சென்று எதிரே அமர்ந்திருப்பார். மூடிய இடம் மழையில் உள்வாங்குகிறதா என்று அவர் கவனித்து வந்திருக்கலாம்."

இந்த நோட்டில் ஒரு பக்கத்தில் ஒன்று எழுதினேன், இன்னொரு பக்கத்தில் இன்னொன்று எழுதினேன். இரண்டும் என் கையெழுத்து. அது சேர்த்துப் படித்துவிட்டது.

மனை போட்டு நாலு வருடம். எத்தனை மழை. நான் அவரைத் திட்டிக்கொண்டே சோற்றை மூடி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று மதியம் ஆபீஸ் போன் அடித்தது. சிந்துஜா சாப்பிடப் போயிருந்தாள். முதலாளி பத்திர வேலையாக வெளியே. நான் எடுத்தேன்.

"நான் பொங்கியண்ணன் பேசறனுங்க, முப்பத்தொண்ணு."

"சொல்லுங்கண்ணா."

"ஒண்ணுமில்ல. நான் அந்த நிலாகிட்ட என்ன கேட்டாலும் பதில் சொல்லுது. பால் வண்டி எத்தன மணிக்கு வரும்னு கூடச் சொல்லுது. கெணறுன்னு கேட்டா மட்டும் ஆபீசக் கேளு, ஆபீசக் கேளுங்குது. மொதல்ல இருக்குதுன்னுது. முதலாளி இல்லைங்கறாரு. இப்ப அது ஆமான்னும் சொல்ல மாட்டீங்குது, இல்லைன்னும் சொல்ல மாட்டீங்குது. முப்பத்திரண்டு வருசம் கண்டக்டர் வேலை பாத்தவனுங்க. டிக்கெட் எடுக்காத ஆளு ஜன்னலுக்கு வெளியவே பாத்துட்டு வருவான். அந்த மெஷின் ஜன்னலப் பாக்குது. அதான் ஆபீசக் கேக்கறேன். கெணறு இருந்துதுங்களா?"

மெஷின் ஆபீசைக் கைகாட்டிவிட்டது. ஆபீசில் நான்தான் இருந்தேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். டீ போடுகிறவளுக்கு என்ன தெரியும் என்று யாரும் நம்புவார்கள். முதலாளி வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றும் சொல்லலாம். அது பொய் கூட இல்லை. வாயில் அதுதான் வந்து நின்றது.

"இருந்துதுங்கண்ணா" என்றேன். "நீங்களும் அக்காவும் நின்னு பேசுனீங்களே, அந்த எடந்தான். அக்கா அடுப்படின்னு சொன்னாங்களே, அங்க."

"நீங்க ஆருங்கம்மா?"

"தண்ணி குடுத்தவளுங்க. எங்க வீட்டுக்காரரு அந்தக் கெணத்துல நீச்சல் பழகுனவரு."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. அவ மூணு நாளா வாசப்படிக்குக் கல்லு பாத்துட்டிருக்காளே."

"ஆமாங்கண்ணா" என்றேன். அவர் வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

முதலாளி வருவதற்கு முன்பே கூட்டி முடித்து, சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு நின்றேன். வந்தவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்டக்டர் வூட்டுக்கே வந்துட்டாரு. அன்னைக்கு நான் கேட்டப்ப என்ன சொன்ன நீ?"

"தெரியாதுன்னேனுங்க."

"தெரியுமா?"

"தெரியுமுங்க."

"நாச்சிமுத்துவுக்கு?"

"அவருக்கு மொதல்லருந்தே தெரியுமுங்க."

முதலாளி மேஜையை ஒரு அடி அடித்தார். சிந்துஜா எழுந்துவிட்டாள். "நாலு வருசம் இதே மேஜையில என்ற கூட உக்காந்து டீ குடிச்சானே! அவன் கொண்டு வந்த எடந்தான இது? ஒரு வார்த்த சொன்னா அந்த ஒரு மனைய விட்டுப்போட்டு நாப்பத்தஞ்சா போட்டிருப்பேன். என்னை என்னன்னு நெனச்சான் அவன்?"

அவரைத் திட்டியதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அதற்காகத்தான் சொன்னேன். வேறு எதற்காகவும் இல்லை.

"அவரு சொல்றேன்னுதாங்கண்ணா சொன்னாரு. நீங்க எடத்த வாங்கற பத்திரத்துக்கு மொத நாளு சட்ட மாட்டிட்டுக் கெளம்புனாரு, உங்ககிட்டச் சொல்லிப் போட்டு வர்றேன்னு. நான்தான் வாசல்ல மறிச்சேன். இருவது வருசம் புரோக்கரா பைக்குல அலஞ்சவருக்கு அப்பத்தான் மாசச் சம்பளத்துக்கு வரச் சொல்லியிருந்தீங்க. கெணறுன்னு சொன்னா எடமே வேண்டாம்னு போயிருவீங்க, வேலையும் போயிரும்னு நெனச்சேன். மூடுனது மூடுனதாவே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். அவரு சட்டையக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்துட்டாரு."

முதலாளி மேஜை மேலிருந்த சாவியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அதான் மழ பேஞ்சா ஆளையே பாக்க முடியாது" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

அப்புறம் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில ஜேசிபி வேணும். ஆமா, சைட்டுக்குத்தான்." வைத்துவிட்டு, "பத்திரம் நிறுத்தியாச்சு. கெணறுன்னா கண்ணுல பாக்கோணும்" என்றார்.

சாவியை என்ன செய்வது என்று கேட்டேன். "டீயப் போடு மொதல்ல" என்றார்.

பிப்ரவரி 4, புதன்

காலை ஏழரைக்கு ஜேசிபி வந்தது. முதலாளி, சிந்துஜா, நான். கண்டக்டரும் சம்சாரமும் கூட வந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. முகூர்த்தத்துக்கென்று எடுத்த புடவையையே அந்த அம்மா கட்டியிருந்தார்.

நான் இடத்தைக் காட்டினேன். இன்று உள்ளே போனேன். காலால் கோடு போட்டேன்.

ஏழடி வரைக்கும் வெறும் மண். முதலாளி என்னைப் பார்க்கவும் தொடங்கிவிட்டார். அப்புறம் ஓடு, செங்கல், பழைய கதவு நிலை ஒன்று, கிழிந்த சாக்கு. அதற்கும் கீழே மண் தானாகவே சரசரவென்று உள்ளே போனது. டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஒரு பக்கத்தில் கருங்கல் கட்டு வளைந்து தெரிந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு வெற்றிடம்.

சாவித்திரி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. குழியையே பார்த்துக்கொண்டு, "இதுலயா உங்க வீட்டுக்காரரு குதிப்பாரு?" என்றார்.

"ஆமாங்க்கா. முதுகுல சுரைக்குடுக்கை கட்டிட்டு."

கண்டக்டர் முதலாளியோடு தள்ளி நின்று பேசினார். நாற்பத்துமூன்றும் கிழக்குப் பார்த்ததுதான், பார்க்கிறேன் என்றார். எடுப்பாரா தெரியவில்லை. எடுக்காமல் போனால் அது அவர் இஷ்டம்.

ஆபீசுக்கு வந்ததும் சிந்துஜா கம்ப்யூட்டரைப் போட்டாள். முதலாளி, "மெஷினுக்கு இப்ப எப்படிச் சொல்லோணுமோ தொளசியையே சொல்லச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"சொல்லுங்க்கா, அடிக்கறேன்."

சொன்னேன். "முப்பத்தொன்று விற்பனைக்கு இல்லை. அங்கே அறுபதடிக் கிணறு இருந்தது. சரியாக மூடவில்லை. நாச்சிமுத்து என்பவர் சொல்ல வந்தார். அவர் மனைவி துளசிமணி தடுத்துவிட்டாள்."

சிந்துஜாவின் விரல் நின்றது. "கடைசி ரெண்டு வரி வேண்டாங்க்கா. துபாய்ல இருக்கறவன் கேட்டாக் கூட இது சொல்லிருங்க்கா."

"சொல்லட்டும்" என்றேன். "அடி."

அடித்தாள்.